கரம்பைவெளி சத்தம் போடாத வருஷம்

உங்கள் வீட்டு முகட்டுக்கு மேலே, தென்னை வட்டின் உயரத்தில், ஒரு ஷெல் விழாமல் நின்றுகொண்டிருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஓடிவிடுவோம் என்றுதான் சொல்வீர்கள். ஓடுவதற்குக் களைக்காத கால் வேண்டுமே. இரண்டு வருஷத்தில் ஒன்பது இடம் மாறி, பள்ளிக்கூட வாங்குக்குக் கீழேயும் கோவில் மடத்திலும் தறப்பாள் கூடாரத்துக்குள்ளேயும் உலை வைத்து, கடைசியில் இரண்டு பக்கத்தாரும் தாளில் கையெழுத்து வைத்துவிட்டார்கள், இனி அவரவர் ஊருக்குப் போகலாம் என்று ரேடியோ சொன்ன அந்தப் பங்குனி மாதத்தில், வயிற்றில் இரண்டு மாதப் பிள்ளையும் சைக்கிள் கரியரில் தையல் மெசினுமாக நான் எங்கள் வளவுப் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன். கரம்பைவெளியில் பாதி வீடுகள் நிலத்தோடு நிலமாய்க் கிடக்க, எங்கள் வீடு ஓடு போனாலும் நாலு சுவரோடும் குசினிப் புகைக்கூட்டோடும் நின்றது. அதற்கு மேலே அந்த ஷெல்லும் நின்றது.

பெரிய சுரைக்காய் அளவு இருக்கும். மூக்கு நேரே கீழே பார்க்க, வால் செட்டைகள் துருப்பிடித்து, கயிறும் இல்லாமல் கொம்பும் இல்லாமல் ஆகாயத்தில் செருகிவைத்த மாதிரி நின்றது. அது விழுந்துகொண்டிருந்த நேரத்தில்தான் கையெழுத்து வைத்திருப்பார்கள் என்று ஊரில் கதைத்தார்கள்; அதற்குமேல் யாரும் காரணம் தேடவில்லை. ஊர் திரும்பியவர்களுக்குக் கிணறு இறைக்க இருந்தது, பற்றை வெட்ட இருந்தது, காரணம் தேட நேரமில்லை.

என் கணவர் தவசீலன் மேசன் வேலைக்காரர். எதையும் அளந்து பார்த்தால்தான் அவருக்கு நித்திரை வரும். பக்கத்துத் தென்னையில் ஏறி அளக்கிற ரேப்பைத் தொங்கவிட்டு அளந்துபோட்டு, முகட்டிலிருந்து முப்பத்திரண்டு அடி என்றார். பிறகு, தன் தங்கை பருத்தித்துறையில் இருக்கிறாள், அங்கே போய் இருப்போம் என்றார். ஒன்பது தரம் ஓடின கால், பத்தாம் தரம் எழும்ப மாட்டேன் என்கிறது, அது விழுந்த பிறகு வந்து சொல்லுங்கோ எழும்புகிறேன் என்று சொல்லிவிட்டு நான் தேங்காய் துருவப் போய்விட்டேன். பகிடியாகத்தான் சொன்னேன். ஆனால் என் சொந்த அடுப்பை விட்டு இனி எழும்புவதில்லை என்பது மனதுக்குள் முடிந்த முடிவாக இருந்தது.

அந்த மாதமே வெள்ளை வாகனத்தில் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். சமாதானத்தைக் கண்காணிக்க வந்தவர்கள். நாலு திசையிலும் நின்று படம் எடுத்தார்கள். அந்தப் பக்கத்து அதிகாரி ஒருவரும் இந்தப் பக்கத்துப் பொறுப்பாளர் ஒருவரும் வந்து, என் வீட்டுக் கதிரைகளிலேயே எதிரெதிரே இருந்து, நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, இது எங்களுடையதில்லை, உங்களுடையது என்று மிக மரியாதையாகச் சொல்லிக்கொண்டார்கள். மூக்கு நேரே கீழே பார்த்தபடியால் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று ஒருவராலும் நிரூபிக்க முடியவில்லை. கடைசியில், விழாத ஷெல் மீறல் ஆகாது என்று மூன்று பாஷையில் ஒரு தாள் எழுதி, எல்லாரும் ஒப்பமிட்டு, ஒரு பிரதியை எனக்கும் தந்தார்கள். மிதிவெடி அகற்றுகிறவர்களும் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். நிலத்துக்குள் இருப்பதை எடுப்பதுதான் தங்களுக்குத் தந்த வேலை, ஆகாயம் தங்கள் படிவத்தில் இல்லை என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்கள்.

சித்திரை வருஷப்பிறப்பன்று கோவிலடியில் ஒரு கட்டு சீனவெடி கொளுத்தினார்கள். எத்தனை வருஷத்துக்குப் பிறகு பயப்படாமல் கேட்கிற வெடி. நான் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். தவசீலன்தான் முதலில் கண்டார். ஓடிப்போய்த் தென்னையில் ஏறி அளந்தார். இருபத்தெட்டு.

அன்றைக்கே ஊர்ச் சங்கக் கூட்டம் வைத்தார்கள். தலைவர் பரஞ்சோதி மாஸ்டர், கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர், சத்தம்தான் அதை இறக்குகிறது என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். என்னைக் காட்டி, அது விழுந்தால் சுகிர்தாவின் வீடு மட்டுமில்லை, சுற்றிவர இருநூறு யார் தூரத்துக்கு ஒன்றும் மிஞ்சாது, அதோடு சமாதானமும் போகும், ஆகவே கரம்பைவெளி இனிச் சத்தம் போடக் கூடாது என்று தீர்மானம். கைதட்டப் போனவர்களைக் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

அப்படித்தான் எங்கள் ஊர் அடங்கப் பழகியது. கோவில் மணியின் நாக்குக்குப் பழைய வேட்டித் துண்டைச் சுற்றினார்கள். பூசை நடப்பதை ஐயர் வாசலில் நின்று கையை உயர்த்திக் காட்டினார். சேவல்கள் எல்லாம் ஒரே கிழமையில் கறியாகின. மீன்காரர் ஹோர்ன் அடிக்காமல் சந்தியில் ஒரு சூடை மீனைத் தடியில் குத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் வாய்ப்பாட்டை உதட்டால் மட்டும் சொல்ல, மாஸ்டர் உதட்டைப் பார்த்துத் திருத்தினார். வீடு திருத்துகிறவர்கள் சுத்தியல் எடுக்காமல் கூரைத் தீராந்தியையும் சலாகையையும் கயிற்றால் கட்டினார்கள்; ஊர் முழுக்கக் கட்டுவீடுதான். கந்தவனமும் பொன்னுச்சாமியும் எல்லை வேலிக்காக ஒரு கொப்பியில் எழுதி எழுதிச் சண்டை பிடித்தார்கள். ஒருவர் மற்றவரின் பரம்பரையை ஒரு பக்கம் எழுதினால் மற்றவர் ஒன்றரைப் பக்கம் எழுதினார். ஏழாவது பக்கத்தில் இருவருக்கும் கை உளைந்து, வேலி நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஆவணியில் ஒரு கலியாணம் நடந்தது. மேளக்காரர்கள் முழு உடுப்போடு வந்து, குழலில் விரலை ஓடவிட்டு, ஊதாமல் வாசித்தார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் தவில்காரர் இரண்டு கையையும் ஆகாயத்தில் அடித்து அடித்து வியர்த்துப் போனார். பெண்டுகள் நாங்கள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். உண்மையைச் சொன்னால், அந்த வருஷம் நான் சிரித்த மாதிரி முன்னம் ஒருநாளும் சிரித்ததில்லை.

அதற்குள் கண்டி வீதி திறந்து, நாடு எங்கள் ஊருக்குள்ளால் போகத் தொடங்கிவிட்டது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தவர்கள், பனங்கட்டியும் நல்லெண்ணெயும் வாங்கின கையோடு எங்கள் ஷெல்லையும் பார்க்க வந்தார்கள்; வெள்ளைச் சேலை கட்டின ஒரு அம்மா என் வாசலில் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டு, என் வயிற்றைத் தொட்டுத் தன் பாஷையில் ஏதோ சொன்னா. கனடாவிலிருந்து வந்தவர்கள் அதற்குக் கீழே நின்று படம் எடுத்தார்கள். எங்கோ ஒரு கடற்கரை நாட்டில் இரண்டு பக்கத்தாரும் பேசுகிறார்கள் என்று ரேடியோ சொல்ல, நாங்கள் ரேடியோவைத் தலையணைக்குக் கீழே வைத்துக் கேட்டோம்.

அந்த வீதி திறந்ததில் யாரும் போகாத தூரமெல்லாம் போய்வந்தவ எங்கள் பக்கத்து வளவு மலரக்காதான். கிடுகுவேலிக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நாங்கள். ஒரே மகன் சுதேசன். இரண்டு வருஷத்துக்கு முன் ஊரே எழும்பி ஓடின பகலில், மாட்டை அவிழ்த்துவிட்டிட்டு வாறன் அம்மா, நீங்கள் நடவுங்கோ என்று திரும்பிப் போனவன். மாடு வந்தது. அவன் வரவில்லை. மலரக்கா அவனுடைய படத்தை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்து அதிகாரிகளின் கந்தோருக்கும் போனா, இந்தப் பக்கத்துக் கந்தோருக்கும் போனா, வவுனியாவுக்கும் கொழும்புக்கும் போனா. இரண்டு பக்கமும் அவவின் பெயரைப் பதிந்துவிட்டு இருக்கச் சொன்னார்கள். முன்பெல்லாம், நாங்கள் தறப்பாளுக்குள் இருந்த காலத்திலும், சோறு போடும்போது அவ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவா. மூன்று கொட்டிலுக்குக் கேட்கும். தீர்மானத்துக்குப் பிறகு உதட்டை மட்டும் அசைத்துக் கூப்பிட்டா. வேலி ஓட்டைக்குள்ளால் எனக்குத் தெரியும். எங்களுக்காகத்தானே அக்கா என்று ஒருநாள் சொன்னேன். பிள்ளைத்தாச்சிக்குச் செய்யாமல் வேறு ஆருக்குச் செய்ய என்று எழுதிக் காட்டிவிட்டு, முருங்கைக்காய் நாலு தந்துவிட்டா.

ஐப்பசியில் எனக்கு வலி வந்தது. சாவகச்சேரிக்குப் போகிற வழி வெள்ளத்தில் கிடந்தபடியால் வீட்டிலேயே பிறந்தது. துவாய் ஒன்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் பெற்றேன். மலரக்காதான் தலையைப் பிடித்தா. வெளியே வந்தவள்தான் ஊர்த் தீர்மானம் தெரியாமல் கத்தினாள். அப்பிடி ஒரு தொண்டை. ஷெல் இரண்டடி இறங்கியது. மலரக்கா உடனே அவளை என் மார்பில் வைத்து அழுத்தினா. ஊர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதாகப் பிறகு சொன்னார்கள். ஆரணி என்று பெயர் வைத்தோம். அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கமுதல் பால், முகம் சுளிக்கமுதல் தோள், அசையமுதல் ஏணைத் தொட்டில். ஊரே முறை வைத்து அவளைத் தூக்கியது. மூன்றாம் மாதத்தில் என் பிள்ளை கரம்பைவெளியிலேயே மிக அடக்கமான பிள்ளை என்று பெயர் எடுத்துவிட்டாள். எனக்குச் சரியான பெருமை.

ஆனால் ஷெல் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. தையில் ஒரு மாடு கன்று போட்டபோது ஓரடி. மாசியில் எங்கோ ஒரு சந்தியில் இரண்டு பக்கமும் முறுகிக்கொண்டதாகச் செய்தி வந்து, கடைகளில் அரிசி முடிந்து, அரிசி மூட்டை ஏற்றி வந்த லொறியின் ரயர் எங்கள் ஒழுங்கையில் வெடித்தபோது பத்தடி. உலகக்கிண்ணக் கிரிக்கெட்டில் யாரோ அடித்த ஒரு சிக்சருக்கு வாசிகசாலையில் இருந்த அத்தனை பேரும் தங்களை மறந்து கூவியபோது பன்னிரண்டடி. அவர்கள் பிறகு வரிசையாக வந்து, தலையைக் குனிந்துகொண்டு, என் வாசலில் நின்றார்கள். நான் சிரித்து அனுப்பிவிட்டேன். உள்ளே போய் உலையை இறக்கினேன். இப்போது தென்னையில் ஏறத் தேவையில்லை, ஏணி போதும். மத்தியானத்தில் அதன் நிழல் முற்றத்தில் விழாமல் எங்கள் ஏணைக்கு மேலே, கயிற்றால் கட்டின கூரையில் விழுந்தது.

பங்குனிக் கடைசியில் ஆரணிக்கு மூன்றாவது ஊசி. அடுத்த ஊர் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். அங்கே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். ஊசி ஏற ஏற ஒவ்வொன்றும் கட்டடம் அதிரக் கத்தியது. எனக்கு ஒவ்வொரு கத்தலுக்கும் நெஞ்சு ஆகாயத்தைப் பார்த்தது. ஆரணியின் முறை வந்தது. ஊசி ஏறியது. முகம் சிவந்தது, கண்ணீர் ஓடியது, வாய் அண்ணம் தெரிய அகலத் திறந்தது. சத்தம் வரவில்லை. மற்றத் தாய்மார், என்ன அருமையான பிள்ளை என்றார்கள். ஊசி போட்ட மிட்வைப் மிஸ்ஸி மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையின் வாயைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"சத்தம் எங்க தங்கச்சி?"

அழப் பழக்கவில்லை மிஸ் என்று நான் பகிடி மாதிரிச் சொன்னேன். வழி முழுக்க, வயல்வெளிக்குள் இறங்கி நின்று, அவளுடைய காலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தேன். வாய் திறக்கும், கண்ணீர் வரும், அவ்வளவுதான். பெற்ற பிள்ளையைக் கிள்ளிவிட்டு, ஒரு தரம் கத்து என்று கெஞ்சின தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று என்று தலையணைக்குக் கீழே இருந்து ரேடியோ சொன்னது. அதே கிழமை, மலரக்காவின் வளவுக் கோடியில், விழுந்து கிடந்த பனைக்குக் கீழே மிதிவெடி தேடினவர்கள் எலும்பு கண்டார்கள். சுற்றிக் கயிறு கட்டி, சிவப்புத் தடி நட்டு, மலரக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒரு இடுப்புப்பட்டி. கடைக்காரன் போட்ட ஓட்டைகளுக்கு அப்பால், கிட்டக்கிட்ட இரண்டு ஓட்டை. சுதேசன் நல்ல மெலிவு, அதனால் கொண்டையூசியைக் காய்ச்சி அவவே குத்திக் கொடுத்தது. அவ ஓட்டைகளைச் சின்னி விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினா. இரண்டு பக்கத்துக் கந்தோருக்கும் கொழும்புக்கும் படம் கொண்டு திரிந்தவ. பிள்ளை மாட்டுக்கொட்டிலில் இருந்து அறுபது யார் தூரத்தில் கிடந்திருக்கிறான்.

செத்தவீட்டுக்கு நாள் வைத்தார்கள். எங்கள் ஊரில் செத்தவீடு என்றால் பறை அடிக்க வேண்டும், வெடி கொளுத்த வேண்டும், அதையெல்லாம் விட்டாலும், பெண்டுகள் ஒருவரை ஒருவர் தோளில் கட்டிப்பிடித்து வட்டமாய் இருந்து ஒப்பாரி சொல்ல வேண்டும். அழாமல் ஒரு பிணத்தை எடுத்ததாக எங்கள் பக்கம் கதையே இல்லை. சங்கம் கூடியது. முகட்டுக்கும் ஷெல்லுக்கும் இடையில் அப்போது இரண்டு முழம். ரேடியோ சொல்லுகிற நிலைமையில் ஒரு சின்ன வெடிச் சத்தம் போதும், பிறகு எல்லாப் பக்கத்தாலும் தொடங்கிவிடும் என்று பயந்தார்கள். பரஞ்சோதி மாஸ்டர் நல்ல மனுஷன்; கண் கலங்க ஒரு வழி எழுதினார். பெட்டியை உழவு யந்திரத்தில் ஏற்றி, மூன்று மைல் தள்ளி, வயல்வெளியில் வைத்து, வேண்டியமட்டும் அழுதுவிட்டுச் சுடலைக்குக் கொண்டுபோகலாம்.

அந்தத் தாளை மலரக்கா வாசித்தா. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவவின் குரலை அன்றுதான் கேட்டேன். துருப்பிடித்த கப்பி மாதிரி இருந்தது.

"மூண்டு வருஷமாய் நான் அவனைத் தேடித் திரிய, அவன் இந்த வளவை விட்டுப் போகேல்லை மாஸ்டர். இப்ப நான் அவனை வெளியில கொண்டுபோறதோ?"

மாஸ்டர் அந்தத் தாளைத் திருப்பி வாங்கி மடித்தார். அவவே திரும்பவும், அழமாட்டேன், பயப்படாதேங்கோ என்று சொன்னா. ஊர் பெருமூச்சு விட்டது. அதையும் மெதுவாகத்தான் விட்டது.

பெட்டி காலையில் வந்தது. சின்னப் பெட்டி. வளவில் வெள்ளை கட்டி, ஊர் முழுக்கப் பாயில் இருந்தது. மலரக்கா தலைமாட்டில் இருந்தா. பெண்டுகள் சுற்றி இருந்து தோளைப் பிடித்துக்கொண்டோம், சத்தமில்லாமல் ஆடினோம். ஆரணி என் மடியில். வாய்க்கரிசி போடுகிற நேரம் வந்தது. போட வாய் இல்லை. வெள்ளைத் துணிக்கு மேலே மலரக்கா அரிசியைத் தூவினா. அப்போது அவவின் வாய் திறந்தது. அண்ணம் தெரிய அகலத் திறந்தது, முகம் சிவந்தது, கழுத்து நரம்பு தடித்தது, கண்ணீர் ஓடியது. சத்தம் வரவில்லை. அடக்குகிறா என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். நான் அந்த வாயைக் கிளினிக்கில் பார்த்திருக்கிறேன். என் மடியில் இருந்தவள் அண்ணாந்து அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், தெரிந்த ஆளைக் கண்ட மாதிரி.

நான் எழும்பினேன். கிடுகுவேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் போய்த் தவசீலனைக் கூப்பிட்டேன். பிள்ளையைக் கையில் கொடுத்து, பள்ளிக்கூடத்தடிக்குக் கொண்டுபோங்கோ, வயல் வரம்பு தாண்டி நில்லுங்கோ, மற்றப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கோ என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், முகட்டைப் பார்த்தார்.

"இஞ்சரும், வீடு?"

"கட்டத் தெரிஞ்ச மேசன்தானே நீங்கள்" என்றேன். சிரிக்கத்தான் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை, பிள்ளையைச் சாரத்து நுனியால் மூடிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். நான் உள்ளே போய்த் தையல் மெசினையும் பிள்ளைக்கு ஊசி பதிகிற மட்டையையும் தூக்கிக் கிணற்றடியில் வைத்தேன். அடுப்பில் நெருப்பு இருந்தது. அதைத் தண்ணீர் ஊற்றி அணைத்தேன். அணைக்காமல் வந்தால் ஏதோ மரியாதைக் குறைவு மாதிரி இருந்தது.

திரும்பி வந்து பரஞ்சோதி மாஸ்டருக்கு முன்னால் நின்று, வீட்டுக்காரி நான்தான், இந்த ஊர் ஒரு வருஷம் வாயை மூடினது என்ர வீட்டுக்காக, போதும் மாஸ்டர், போகிறவர்கள் இப்போதே போகட்டும் என்று என் சாதாரணக் குரலில் சொன்னேன். சாதாரணக் குரல் என்றால் எவ்வளவு பெரிது என்று எனக்கே மறந்துபோயிருந்தது. வேலிக்கு மேலால் ஷெல் கொஞ்சம் அசைந்து ஒரு விரற்கடை இறங்குவதை எல்லாரும் கண்டார்கள். சிலர் எழும்பினார்கள், கிழவர்களைக் கைத்தாங்கலாய்க் கூட்டிக்கொண்டு வரம்பால் போனார்கள். அவர்களில் நான் ஒரு குறையும் காணவில்லை. மாஸ்டர் செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டுத் திரும்பவும் பாயில் இருந்தார். பெண்டுகளில் ஒன்பது பேர் மிஞ்சினோம்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வயலுக்கு அப்பால், பள்ளிக்கூடத்து வேம்புக்குக் கீழே, தவசீலன் சின்னதாய்த் தெரிந்தார்; தோளில் வெள்ளையாய் ஒரு பொட்டு. பிறகு நான் மலரக்காவுக்கு முன்னால் குந்தி, இரண்டு கையாலும் அவவின் தோளைக் கட்டிப்பிடித்து, காதுக்குள் இல்லை, எல்லாருக்கும் கேட்கவே சொன்னேன்:

"அக்கா, பிள்ளை பள்ளிக்கூடத்தடியில தேப்பனோட நிக்கிறாள். அவளுக்குக் கேட்கிற மாதிரி அழுங்கோ."